தூக்கத்தைத் தின்ற செய்தி: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருப்பவர், வயது 57. பெயர், தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி, வேலை செய்த கம்பெனி எதையும் போடவில்லை, ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடிய சில விவரங்களை அவர் சம்மதத்தோடு மாற்றியும் இருக்கிறேன். ஊரில் பாதிப்பேர் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நான் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியை. அவர் மகள் என் பழைய மாணவி, இப்போது ஈப்போவில் தாதி. 2025 ஏப்ரலில் அவள்தான் வந்து சொன்னாள்: "டீச்சர், அப்பா ராத்திரி தூங்குறதே இல்ல. அம்மாகிட்ட எரிஞ்சு விழுறாரு. நெஞ்சு அடைக்குதுன்னு சொல்றாரு, ஆனா போனை மட்டும் கீழ வைக்க மாட்டேங்குறாரு."

போனில் என்ன பார்க்கிறார் என்று கேட்டேன். அரசியல் செய்தி. வேறு எதுவும் இல்லை. சூது கிடையாது, கடன் கிடையாது, குடிக்கிற பழக்கத்தை விட்டே பல வருடம் ஆகிறது.

இதை எழுதுவதற்குக் காரணம், இவரைப் போன்றவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: "செய்தி பார்க்காதீங்க, மனசு நிம்மதியா இருக்கும்." அந்த அறிவுரை இவரிடம் ஏன் எடுபடவில்லை, எது எடுபட்டது, எது இன்னும் சரியாகவில்லை என்பதை முழுதாகப் பதிவு செய்துவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆளும் ஊரும்

சுங்கை சிப்புட்டில் அரசியல் காதில் விழாமல் வளர்வது நடக்கிற காரியம் இல்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையொட்டித்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலமே வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், அவற்றை வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தோட்டம் தோட்டமாகப் போய் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்தார். அண்ணனின் அப்பா அப்படிப் பணம் கட்டியவர்களில் ஒருவர். அடுத்து அதே கட்சியின் சாமிவேலு, 1974 முதல் 2008 வரை 34 வருடம் இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 2008 மார்ச் 8-ஆம் தேதி எதிரணி வேட்பாளர் டாக்டர் ஜெயகுமார் அவரைத் தோற்கடித்த இரவில், அண்ணன் ஒரு வாக்குச்சாவடியில் ஏஜென்டாக உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்சிக்கு என்று நான் கேட்கவும் இல்லை, அது இங்கே தேவையும் இல்லை. அதற்கு முந்தைய நவம்பர் 25-ஆம் தேதி, 2007-இல், கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்டு நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப்புகைக்கும் ரசாயனத் தண்ணீருக்கும் நடுவில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

பிறந்தது தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு தோட்டத்தில் ஆள் தேவை குறைந்து, குடும்பம் டவுனுக்கு வந்து மலிவு விலை வீட்டில் குடியேறியது. இவர் லோரி ஓட்டினார். 2019-இல் காலில் அடிபட்டு வேலை நின்றது, சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதிப் பணம் வருகிறது. மனைவி பள்ளிக் கெண்டீனில் சமைக்கிறார். மகளுக்கு அடுத்து ஒரு மகன், தொழிற்சாலை வேலை, 23 வயது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மனிதருக்கு அரசியல் பொழுதுபோக்கு அல்ல. இருந்த வீடு போனதும், வந்த வீடு கிடைத்ததும், பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளிக்கு மானியம் வந்ததும் வராததும் எல்லாமே யாரோ எங்கேயோ எடுத்த முடிவுகள்தான் என்று உடம்பாலேயே தெரிந்துகொண்டவர். அவரிடம் போய் "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று சொல்வது மரியாதையாகவும் இல்லை, உண்மையாகவும் இல்லை.

எங்கே ஆரம்பித்தது

வேலை நின்று வீட்டில் உட்கார்ந்த சில மாதத்தில் 2020 பிப்ரவரி வந்தது. 23-ஆம் தேதி ஆளும் கூட்டணியை உடைத்த ஷெராட்டன் ஹோட்டல் கூட்டம், மறுநாள் பிரதமர் மகாதீர் பதவி விலகல், மார்ச் 1-ஆம் தேதி முகிதீன் பிரதமர். 2018 மே மாதம் விடிய விடிய விழித்திருந்து பார்த்த ஆட்சி மாற்றம் 22 மாதத்தில் கண்ணுக்கு முன்னாலேயே கலைந்துபோனதை அவரால் தாங்க முடியவில்லை. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. கோப்பிக்கடை மூடல், கோவில் மூடல், பேச ஆள் இல்லை. மாலை 5 மணி ஆனால் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நூர் ஹிஷாம் தொலைக்காட்சியில் அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார், நாடே காத்திருந்து கேட்டது. அண்ணனும் கேட்டார். அன்று அது தேவையாகவும் இருந்தது, ஏனென்றால் நாளைக்குக் கடைக்குப் போகலாமா கூடாதா என்பது அதில்தான் தெரியும்.

ஆனால் உடம்பு அதைப் பழக்கமாகப் பிடித்துக்கொண்டது. 2021 ஆகஸ்டில் முகிதீன் விலகி இஸ்மாயில் சப்ரி வந்தார். 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 222 தொகுதிகளில் யாருக்கும் 112 கிடைக்கவில்லை, 24-ஆம் தேதி அன்வார் பதவியேற்கும் வரை ஐந்து நாள் நாட்டுக்குப் பிரதமர் யார் என்றே தெரியாது. அந்த ஐந்து நாளும் அண்ணன் படுக்கையில் படுக்கவில்லை, ஹாலில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார் என்று மனைவி சொன்னார். பிரதமர் வந்த பிறகும் அவர் நாற்காலியிலிருந்து படுக்கைக்குத் திரும்பவில்லை. இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உண்மையிலேயே நெருக்கடியாக இருந்த நாட்களில் வந்த பழக்கம், நெருக்கடி போன பிறகும் இருந்துவிட்டது, நெருக்கடி இல்லாத நாட்களில் எதையாவது நெருக்கடியாகக் காட்டுவதற்குத்தான் போன் இருக்கிறதே.

நான் சந்தித்த சமயத்தில் அவர் நாள் இப்படிப் போனது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, உடனே போன். பசியாறும்போது போன். பதினோரு வாட்ஸ்அப் குழுக்கள், அதில் கோவில் குழு ஒன்றே மூன்றாக உடைந்து மூன்றிலும் இருந்தார். டிக்டாக்கில் நாடாளுமன்றச் சண்டைகள், ஃபேஸ்புக் நேரலைகள். மச்சானோடு 2020-இலிருந்து பேச்சு இல்லை, கட்சி விஷயம். கோப்பிக்கடைக்குப் போவதும் நின்றுவிட்டது, போனால் சண்டை வரும் என்று அவருக்கே பயம்.

2025 மார்ச்

அந்த மாதம் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில், 130 வருடப் பழமையான பத்ரகாளியம்மன் கோவிலை இடம் மாற்றும் விவகாரம் நாடு முழுக்கப் பேச்சாக இருந்தது. நம்மவர்களில் யாருக்குத்தான் மனம் பதறவில்லை. அண்ணன் பல இரவு தூங்கவில்லை. ஒரு ராத்திரி கோவில் உடைக்கப்படுகிற வீடியோ ஒன்று வந்தது. பார்த்த கையோடு எல்லாக் குழுவுக்கும் அனுப்பினார், அதில் தாமான் குழுவும் ஒன்று, அங்கே மலாய்க்காரர்கள் சீனர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். கூடவே கோபமாக நாலு வரியும் எழுதினார்.

அது பல வருடத்துக்கு முன் வேறு எங்கோ எடுத்த வீடியோ. விடிந்ததும் யாரோ எடுத்துச் சொன்னார்கள், இவரும் அழித்தார். ஆனால் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், எல்லாரும் பாக்சிக் என்று கூப்பிடுகிறவர், அதற்குள் பார்த்துவிட்டார். சண்டை போடவில்லை. "நீங்களா இப்படி எழுதினீங்க?" என்று தனியாக ஒரே ஒரு செய்தி. லோரி ஓட்டிய காலத்தில் இவர் வீட்டில் இல்லாத ராத்திரிகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் காடியை எடுத்துக்கொண்டு வந்து நின்றவர் அந்தப் பாக்சிக். மார்ச் 31 ஹரி ராயா, நோன்புப் பெருநாள். வருடா வருடம் குடும்பத்தோடு போகிற வீடு, சுவர் ஒன்றுதான் நடுவில், அந்த வருடம் அண்ணன் போகவில்லை. மனைவி மட்டும் போய் ரெண்டாங்கும் லெமாங்கும் வாங்கிக்கொண்டு வந்தார், அண்ணன் அதைத் தொடவில்லை.

கோவிலுக்குப் பக்கத்திலேயே மாற்று இடம் என்று உடன்பாடு ஆகி செய்தி ஓய்ந்துவிட்டது. அண்ணனுக்கு ஓயவில்லை. மகள் என்னிடம் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

முதல் வேலை கிளினிக்

நெஞ்சு அடைக்கிறது என்று 57 வயது மனிதர் சொன்னால் முதலில் போக வேண்டிய இடம் அரசாங்க கிளினிக், ஆலோசனை எல்லாம் அப்புறம். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். இதயத்துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள், பெரிய கோளாறு இல்லை. ரத்த அழுத்தம் மேல் எண் 160-ஐத் தாண்டி இருந்தது, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மன அழுத்தம், பதற்றம் இரண்டுக்குமான கேள்வித்தாளையும் நிரப்பச் சொன்னார்கள், பதற்றம் கூடுதலாக வந்தது. அங்கிருந்த ஆலோசகரைப் பார்க்கத் தேதி கொடுத்தார்கள். சிகிச்சை அவர்கள் பார்த்தது. கீழே நான் எழுதுவது, வீட்டில் அன்றாடம் என்ன மாற்றினோம் என்பதை மட்டும்தான்.

நம் ஆட்களுக்கு இதில் இருக்கிற கூச்சம் பெரிய தடை. "எனக்கு என்ன பைத்தியமா?" என்று இவரும் கேட்டார். 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மனச்சோர்வோடு வாழ்கிறார்கள் என்று வந்ததைச் சொன்னேன், அவர் அசையவில்லை. மகள்தான், "பிரஷருக்கு மாத்திரை வாங்கப் போறோம்பா, அப்படியே அதையும் பாத்துட்டு வரலாம்" என்று கூட்டிப்போனாள்.

பலிக்காதவை

எனக்கு முன்னால் வீட்டில் இரண்டு வைத்தியம் நடந்திருக்கிறது. மனைவி போனை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அண்ணன் அன்றைக்கு மூன்று வீடு ஏறி இறங்கி மற்றவர் போனில் பார்த்துவிட்டு வந்தார், வந்து போட்ட சண்டையில் மனைவி அழுதிருக்கிறார். மகன் அடுத்து எல்லா செயலிகளையும் அழித்துவிட்டு, "அரசியலாப்பா நமக்குச் சோறு போடுது?" என்று கேட்டான். சில நாள் போன் இல்லாமல் இருந்தார். தூக்கம் திரும்பவில்லை, பதற்றம் கூடியது, ஏதோ நடக்கிறது நமக்குத் தெரியவில்லை என்கிற பதைப்பு. பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, தவறவிட்டதையும் சேர்த்துப் பார்த்தார்.

மகனைக் குற்றம் சொல்ல முடியாது. உலகம் முழுக்க நிறையப் பேர் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். ராய்ட்டர்ஸ் ஆய்வு நிலையம் 2024-இல் பல நாடுகளில் கேட்டபோது நூற்றுக்கு 39 பேர் அவ்வப்போதாவது செய்தியை வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பிரெட் ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட அரசியல் தரும் மனவேதனையைத் தணித்துக்கொள்ளப் பழகியவர்கள் நலமாக இருந்தார்கள், ஆனால் அரசியலில் ஏதாவது செய்ய வேண்டும் என்கிற உந்துதல் அவர்களுக்குக் குறைந்துபோனது. இதைப் படித்தபோது நம் தோட்டத்து மக்களைத்தான் நினைத்துக்கொண்டேன். வசதியும் செல்வாக்கும் இருப்பவர் செய்தியை விட்டால் அவருக்கு நிம்மதி மட்டும்தான் மிச்சம். நிலப்பட்டாவும் பள்ளியும் அடையாள அட்டையும் இன்னும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிற சமூகம் மொத்தமாகச் செய்தியை விட்டால் என்ன ஆகும்? அதனால் "நேர்மறையாக இருங்கள், எதிர்மறைச் செய்தி வேண்டாம்" என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே முடியவில்லை.

555 புத்தகம்

கடன் எழுதுகிற சின்ன 555 புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் போனை இஷ்டம்போல் பாருங்கள், எதையும் நிறுத்த வேண்டாம், பார்த்ததை மட்டும் இதில் ஒரு வரி எழுதுங்கள் என்று சொன்னேன். என்ன நேரம், என்ன செய்தி, புதுசா பழசா, இதற்கு நான் ஏதாவது செய்ய முடியுமா, உடம்பு எப்படி இருந்தது. லோரிக்காரர் ஆயிற்றே, பயணக் குறிப்பு எழுதிப் பழகியவர், சுத்தமாக எழுதிக்கொண்டு வந்தார்.

ஒரு நாள் பக்கம் இப்படி இருந்தது. விடிகாலை 3:10, அமைச்சர் ஒருவர் பேச்சு, புதுசு, ஒன்றும் செய்ய முடியாது, நெஞ்சு படபடப்பு. 3:25, அதே பேச்சுக்கு எதிர்க்கட்சிக்காரர் பதில். 3:40, அந்தப் பதிலைத் திட்டி ஒருவர் நேரலை, பழசு, கை நடுக்கம். 6:15, முதல் பேச்சே வேறு தலைப்போடு. 7:00, கோவில் குழுவில் அதைப் பற்றிக் குரல் பதிவு, ஏழு நிமிடம், கத்தல். மதியத்துக்கு நடுவில் ஒரே ஒரு வரி: "நகராண்மைக் கழகம், நம்ம தாமான் வடிகால் வேலை, புதுசு, போய்க் கேக்கலாம்." அதற்குப் பக்கத்தில் உடம்பு எப்படி என்கிற இடத்தில் "ஒண்ணும் இல்ல" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள். உண்மையில் புதிதாக நடந்தவை நாலோ ஐந்தோ.

இதை நான் சுட்டிக்காட்ட வேண்டிய தேவையே வரவில்லை. அவரே புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே பேச்சுக்கு நான் ஒம்பது தடவை கோவப்பட்டிருக்கேன், டீச்சர்" என்றார்.

பாஸ்டனில் 2013-இல் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு நடந்த ஒரு ஆய்வு இதைத்தான் சொல்கிறது. அடுத்த வாரம் முழுக்க நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு, அந்த இடத்தில் நேரில் இருந்தவர்களைவிடக் கடும் மன அழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன. உடம்புக்கு இது ஒரு சம்பவம், இது அதே சம்பவத்தின் ஒன்பதாவது வீடியோ என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இங்கிலாந்தில் 1997-இல் ஜான்ஸ்டன், டேவி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 14 நிமிடச் செய்தித் தொகுப்பை மட்டும் காட்டிப் பார்த்தார்கள். கெட்ட செய்தி பார்த்தவர்கள் அந்தச் செய்தியைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை, செய்திக்குச் சம்பந்தமே இல்லாத தங்கள் சொந்தக் கவலைகளையும் பெரிதாக்கிக்கொண்டார்கள். அண்ணன் வீட்டில் குழம்பில் உப்பு கூடினதுக்கு நடந்த சண்டைகளுக்கு விளக்கம் எனக்கு அங்கே கிடைத்தது.

ஆனால் முக்கியமான விஷயம் புத்தகத்தில் இல்லை. மூன்று மணிக்கு எழுந்து பார்ப்பதால் என்ன ஆகிறது என்று ஒரு நாள் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் முழிச்சிருந்தா எதையோ தடுத்துட்ட மாதிரி இருக்கு. எல்லாரும் தூங்கிட்டா அவனுங்க என்ன வேணும்னாலும் செஞ்சிருவானுங்க." 2020-இல் ஒரு வார இறுதியில் ஆட்சி கலைந்ததைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. பார்த்துக்கொண்டிருப்பதையே காவல் காப்பதாக அவர் மனம் எடுத்துக்கொண்டது. போனைப் பிடுங்கியபோது ஏன் பதற்றம் கூடியது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காவல்காரனை வேலையிலிருந்து இழுத்து வந்தால் அவனால் எப்படித் தூங்க முடியும்? அவருக்கு வேறு வேலை வேண்டும், செய்தால் முடிகிற வேலை, முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிகிற வேலை.

என்ன மாற்றினோம்

செய்தியை நிறுத்தவில்லை. செய்தியையும் செய்தியைப் பற்றிய பேச்சையும் பிரித்தோம், பேச்சைத்தான் குறைத்தோம். காலையில் கோப்பிக்கடையில் தமிழ்ப் பத்திரிகை, மின்னல் எஃப்எம்மில் செய்தி, இரவு தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, வானொலிச் செய்தி சில நிமிடத்தில் முடிகிறது, டிக்டாக்குக்கு முடிவே கிடையாது. வீடியோவாக வருகிற அரசியல் எதையும் பார்ப்பதில்லை என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். பதினோரு குழுவில் இரண்டு மட்டும் சத்தம் போடும், மற்றதெல்லாம் ஒதுக்கிவைக்கப்பட்டன. வெளியேறச் சொல்லவில்லை, வெளியேறினால் அதற்கு ஒரு சண்டை வரும். விளக்கு வைத்த பிறகு போன் அடுப்படியில் சார்ஜில் கிடக்கும். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்து அடுப்படி வரை நடக்க வேண்டும், அந்த நடையிலேயே பாதி நாள் மனம் மாறித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்.

எதையாவது அனுப்புவதற்கு முன்னால் ஒரு ராத்திரி வைத்திருப்பது என்றும் வைத்துக்கொண்டார். செய்தி உண்மையா பொய்யா என்று சொல்கிற அரசாங்கத்தின் செபெனார்ஞா இணையத்தளத்தில் தேடிப் பார்க்க மகள் சொல்லிக் கொடுத்தாள், ஆனால் அவருக்கு அதைவிட உதவியது அந்த ஒரு ராத்திரிதான். விடிந்த பிறகும் அனுப்பத் தோன்றியவை மிகக் குறைவு.

இனி அந்த வேலை. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள், ஆனால் அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில்தான் ஓட்டு. எங்கள் தாமானில் இருக்கிற பல இளைஞர்களின் ஐசியில் இன்னும் பழைய தோட்டத்து முகவரி, இடித்துத் தரைமட்டமான லயத்து முகவரி. அண்ணன் வீடு வீடாகப் போய் அதைப் பார்த்து, மாற்ற வேண்டியவர்களை அடையாள அட்டை கொடுக்கும் பதிவிலாகாவுக்கு அனுப்ப ஆரம்பித்தார். பூத் ஏஜென்டாக இருந்த அனுபவம், வாக்காளர் பட்டியல் அவருக்கு மனப்பாடம். 555 புத்தகத்தில் இப்போது பெயர்கள் ஏறின, முடிந்ததற்கு நேராக ஒரு கோடு. உதவித்தொகை மனு, வடிகால் புகார், ஒய்பி என்கிற மக்கள் பிரதிநிதியின் சேவை மையத்துக்கு எழுதும் கடிதம் என்று அது விரிந்தது. மகனும் இணையத்தில் மனு நிரப்ப உதவ வந்தான், "அரசியல் எதுக்கு" என்று கேட்டவன்தான்.

செய்தியைக் கேட்கிற விதமும் இதனால் மாறியது. முன்பு எல்லாச் செய்தியும் அவரைத் தாக்கின. இப்போது கேட்கும்போதே, இது நம் புத்தகத்தில் ஏறுமா ஏறாதா என்று பார்க்கிறார். ஏறாதது முக்கியமில்லை என்று அர்த்தம் இல்லை. ஓட்டுப் போடும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது, அதற்காக இன்று ராத்திரி விழித்திருக்கத் தேவையில்லை.

ஜூலையில் ஒரு சறுக்கல்

2025 ஜூலை கடைசி வாரம் இதற்கெல்லாம் சோதனையாக வந்தது. 23-ஆம் தேதி பிரதமர் அன்வார், 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும் 100 வெள்ளி, ரோன்95 பெட்ரோல் 1.99 வெள்ளி என்று அறிவித்தார். 26-ஆம் தேதி சனிக்கிழமை கோலாலம்பூரில் அவரைப் பதவி விலகக் கோரிப் பெரிய பேரணி. 31-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 13-ஆவது மலேசியத் திட்டம் தாக்கல்.

சனிக்கிழமை அண்ணன் பழைய பழக்கத்திலேயே விழுந்தார். காலையிலிருந்து நேரலை, ஒன்றை மூடி இன்னொன்று, இரவு போன் அடுப்படிக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு விழிப்பு, திங்கட்கிழமை மனைவியோடு சண்டை, ரத்த அழுத்தம் மறுபடி ஏறியிருந்தது. சட்டம் எல்லாம் சாதாரண நாளுக்குத்தான் தாங்கும், பெரிய நாளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்பது அப்போது தெரிந்தது.

ஆனால் அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. 100 வெள்ளி அறிவிப்பு வந்த கையோடு, "இந்த இணைப்பை அழுத்திப் பதிவு செய்யுங்கள்" என்று ஏமாற்றுச் செய்திகள் சுற்ற ஆரம்பித்தன. அந்தப் பணத்துக்கு மனுவே கிடையாது, அந்த ஆகஸ்ட் 31 முதல் மைகாட் என்கிற அடையாள அட்டையிலேயே தானாக வரும், அதைக் காட்டிக் கடையில் பொருள் வாங்கலாம் என்பதுதான் அறிவிப்பு. அண்ணன் பத்திரிகையில் அதைத் தெளிவாகப் படித்துவிட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் காலை தாமான் குழுவில் தமிழிலும் மலாயிலும் எழுதினார்: எதையும் அழுத்தாதீர்கள், ஐசி எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள், பணம் தானாக வரும். மார்ச்சுக்குப் பிறகு அந்தக் குழுவில் அவர் எழுதிய முதல் செய்தி அது. அன்று சாயங்காலம் பாக்சிக் வேலியோரம் வந்து, தன் அக்காவுக்குத் தோட்டத்து வீட்டில் போன் இல்லை, அவருக்கும் பணம் வருமா, எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டார். அரைமணி நேரம் நின்று பேசினார்கள். மார்ச் விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன்தான் போய், வீடியோ பழசு என்று தெரியாமல் அனுப்பினேன், எழுதினதும் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். வெறும் போன் குறைப்பில் இது நடந்திருக்காது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போதைய நிலை

தூக்கம் பெரும்பாலான நாள் ஐந்து, ஐந்தரை மணி நேரம் தொடர்ச்சியாக வருகிறது. மாத்திரை தொடர்கிறது, அதை நிறுத்துகிற பேச்சே கூடாது என்று மகள் கறாராக இருக்கிறாள். ஆலோசகரிடம் போனார், முதல் இரண்டு முறைக்குப் பிறகு தானே தேதி கேட்டு வாங்கினார். கோப்பிக்கடைக்குத் தினமும் போகிறார். மச்சான் விஷயம் சரியாகவில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் தலையாட்டல், அவ்வளவுதான்; அதைச் செய்தி மேல் போட முடியாது, சொத்துத் தகராறு ஒன்றும் அடியில் இருக்கிறது.

இவரைப் போல எல்லாருக்கும் இதே ஏற்பாடு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவருக்கு வீடு வீடாக ஏற நேரம் இருக்காது. பெண்களுக்கு இது வேறு மாதிரி வருகிறது. இவர் மனைவியே செய்தியைவிட, செய்தி பார்க்கிற கணவரைப் பார்த்துத்தான் நோயாளி ஆகிக்கொண்டிருந்தார், அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். தற்கொலை எண்ணமோ, எதிலுமே பிடிப்பில்லாத நிலையோ இருந்தால் 555 புத்தகம், பத்திரிகை என்று காத்திருக்கவே கூடாது. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, அழைத்துவிடுங்கள்.

அடுத்த பெரிய நாள் தேர்தல்தான். இப்போதைய நாடாளுமன்றத்தின் தவணை 2027 டிசம்பரில் முடிகிறது, அதற்கு முன்னாலேயே கலைத்தாலும் கலைக்கலாம். அண்ணனும் மனைவியும் மகளும் உட்கார்ந்து இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். பிரச்சார நாட்களிலும் போன் அடுப்படியில்தான். கூட்டத்துக்கு நேரில் போகலாம், நேரலை கிடையாது. ஓட்டெடுப்பு நாளில் அண்ணன் மறுபடி பூத் ஏஜென்டாகப் போவார், எண்ணிக்கை முடிந்து பாரத்தில் கையெழுத்துப் போட்டதும் மகன் மோட்டாரில் போய் வீட்டுக்குக் கூட்டி வருவான். நாட்டு முடிவு முழுதும் தெரியும்வரை விழித்திருக்கலாமா என்பதில்தான் இழுபறி. மனைவி பன்னிரண்டு மணி என்கிறார், அண்ணன் இரண்டு மணி கேட்டுக்கொண்டிருக்கிறார்.